இலவச ஆலோசகரும் மூவாயிரம் டொலர் ஆலோசகரும்

ரொறன்ரோவில் எந்தத் தமிழ்க் கலியாண வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டு மேசையில் ஒருவராவது காப்புறுதியோ முதலீடோ செய்து கொடுக்கிறவராக இருப்பார். அப்பாவின் ஊர்க்காரர், அம்மாவோடு வேலை செய்த அன்ரியின் மகன், கோயில் நிர்வாகத்தில் இருக்கிற அங்கிள் என்று யாரோ ஒருவர். "தம்பி, பிள்ளை பிறந்திட்டுது எண்டு கேள்விப்பட்டன். ஒரு நாள் வீட்டை வாறன், சும்மா கதைப்பம். அதுக்குக் காசொண்டும் இல்லை" என்பார். எங்கட தலைமுறையில் பலருக்கு நிதி ஆலோசனை என்றால் இந்தச் "சும்மா கதைப்பம்"தான்.

அதனால் யாராவது "ஃபைனான்சியல் பிளானர் ஒருவருக்கு மூவாயிரம் டொலர் கட்டினோம்" என்று சொன்னால், கேட்கிறவர்களுக்கு அது விசர் வேலையாகத்தான் தெரியும். மூவாயிரம் டொலர் இருந்தால் பிள்ளையின் நீச்சல் வகுப்பு, தமிழ் வகுப்பு, வீணை வகுப்பு எல்லாவற்றுக்கும் ஒரு வருடத்துக்குக் காணும். இலவசமாகக் கிடைக்கிற ஒன்றுக்கு ஏன் இவ்வளவு காசு?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குள் ஒரு பிழையான கணக்கு இருக்கிறது. இப்போது நாங்கள் கட்டுவது பூச்சியம் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த மூவாயிரத்தை அளக்கிறோம்.

நான் இங்கே போடுவது கனடாக் கணக்கு. இங்கிலாந்தில் 2012 முடிவோடும் அவுஸ்திரேலியாவில் 2013இலும், முதலீடு விற்கும் ஆலோசகர் அந்த முதலீட்டு நிறுவனத்திடமிருந்து கொமிஷன் வாங்குவதைத் தடுக்கும் சட்டங்கள் வந்துவிட்டன. அங்கே இருக்கிறவர்களுக்கு ஆலோசனையின் விலை ஓரளவு கண்ணுக்குத் தெரியும். கனடா அந்த வழியில் முழுதாகப் போகவில்லை. 2022 ஜூன் 1 முதல் ஒரு வகைக் கொமிஷனை மட்டும் நிறுத்தினார்கள். ஃபண்டை வாங்கி ஐந்தாறு வருடத்துக்குள் விற்றால் தண்டம் கட்ட வேண்டிய வகை அது. காப்புறுதி நிறுவனங்கள் விற்கும் செக்ரிகேட்டட் ஃபண்டுகளிலும் அடுத்த வருடம் புதிதாக அதை விற்பது நின்றது. வருடா வருடம் போய்க்கொண்டிருக்கும் கொமிஷன் இன்னும் இருக்கிறது.

வராத பில்

வங்கியிலோ அங்கிளிடமோ வாங்கிய சாதாரண மியூச்சுவல் ஃபண்ட் ஒன்றை எடுங்கள். அதற்கு எம்.ஈ.ஆர். என்ற ஒரு செலவு வீதம் உண்டு. பங்குகளில் முதலிடுகிற, ஆலோசகர் மூலம் விற்கப்படுகிற ஃபண்டுகளில் அது 2 வீதத்தை ஒட்டியே இருக்கும், சிலதில் அதற்கும் மேலே. அதற்கென்று யாரும் பில் அனுப்புவதில்லை. ஃபண்டின் விலையிலிருந்தே நாளாந்தம் சிறிது சிறிதாகக் கழிந்துகொண்டிருக்கும். நீங்கள் பார்க்கிற இலாபம் கழித்த பிறகு மிஞ்சுகிற இலாபம்.

ஒரு குடும்பத்தின் ஆர்.ஆர்.எஸ்.பி., ரி.எஃப்.எஸ்.ஏ. எல்லாம் சேர்த்து 150,000 டொலர் என்று வையுங்கள். எம்.ஈ.ஆர். 2.2 வீதம் என்றால் வருடத்துக்கு 3,300 டொலர் போகிறது. அதில் பெரும்பாலும் 1 வீதம், அதாவது 1,500 டொலர், உங்களுக்கு அந்த ஃபண்டை விற்றவரின் நிறுவனத்துக்குப் போகிறது. அதில் அவருக்கும் ஒரு பங்கு. அவர் உங்களை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் அது போகும்.

இனி இருபது வருடம் தள்ளிப் பாருங்கள். புதிதாக ஒரு சதமும் போடவில்லை, செலவுக்கு முன் வருடத்துக்கு 6 வீதம் வளர்கிறது என்று ஒரு பேச்சுக்கு எடுப்போம். 2.2 வீதம் கழிந்தால் 150,000 டொலர் ஏறத்தாழ 316,000 ஆகும். அதே காசை 0.25 வீதம் மட்டும் எடுக்கும் ஒரு கலப்பு ஈ.ரி.எஃப்.இல் போட்டிருந்தால் ஏறத்தாழ 459,000. வித்தியாசம் 140,000 டொலருக்கு மேல். "சும்மா கதைப்பம்" என்ற அந்தக் கதைக்கு இதுதான் விலை.

உங்கள் ஃபண்டின் விலை என்னவென்று பார்ப்பது கஷ்டமில்லை. ஒவ்வொரு மியூச்சுவல் ஃபண்டுக்கும் "ஃபண்ட் ஃபாக்ட்ஸ்" என்று சில பக்க ஆவணம் இருக்கிறது. ஃபண்டின் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். எம்.ஈ.ஆர். எவ்வளவு, விற்பவருக்கு வருடாந்தம் எவ்வளவு என்று இரண்டும் அதில் இருக்கும். இதைவிட, வருடத் தொடக்கத்தில் வருகிற கட்டண அறிக்கை இருக்கிறது. இதுவரை அதில் விற்ற நிறுவனத்துக்குப் போன தொகை மட்டும்தான் டொலரில் இருந்தது. 2026ஆம் ஆண்டுக்கான அறிக்கை 2027 தொடக்கத்தில் வரும்போது, ஃபண்டுக்குள்ளே கழிந்த செலவும் டொலரில் இருக்க வேண்டும் என்பது புது விதி. பல வீடுகளில் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும்போது கொஞ்சம் சத்தம் கேட்கும் என்று நினைக்கிறேன்.

பெயர்ப் பலகையைப் பார்த்து

காப்புறுதி விற்கும் உரிமம் வேறு, மியூச்சுவல் ஃபண்ட் விற்கும் பதிவு வேறு, திட்டம் போடும் தகுதி வேறு. ஒருவரிடம் மூன்றும் இருக்கலாம், முதலாவது மட்டும் இருக்கவும் கூடும். ஒன்ராறியோவில் 2022 மார்ச் 28 முதல் "ஃபைனான்சியல் பிளானர்", "ஃபைனான்சியல் அட்வைசர்" என்ற பெயர்களைத் தகுதி இல்லாதவர் போட்டுக்கொள்ள முடியாது. சி.எஃப்.பி. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் வேண்டும். மாகாண ஒழுங்குபடுத்தும் அமைப்பான எஃப்.எஸ்.ஆர்.ஏ.யின் தளத்தில் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். கியூபெக்கில் இதற்கும் முன்பிருந்தே தனிச் சட்டம் உண்டு.

ஆனால் சான்றிதழை விட முக்கியமானது அவருக்குக் காசு எங்கேயிருந்து வருகிறது என்பது. விற்கிற பொருளில் கொமிஷன் வாங்குகிறவர் ஒரு வகை. உங்கள் முதலீட்டைக் கையில் எடுத்து வருடம் 1 வீதமளவு வாங்குகிறவர் இன்னொரு வகை. மூன்றாவது வகை எதையும் விற்பதில்லை. மணித்தியாலத்துக்கோ திட்டத்துக்கோ ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நாங்கள் போன வருடம் எடுத்தது இந்த மூன்றாவது வகை. விசாரித்த நாலைந்து பேரும் ஒரு முழுக் குடும்பத் திட்டத்துக்கு 2,500இலிருந்து 5,000 வரை கேட்டார்கள். நாங்கள் தெரிந்தெடுத்தவர் 3,000 கேட்டார். அதற்கு மேல் 13 வீத எச்.எஸ்.ரி., ஆக மொத்தம் 3,390.

150,000 டொலருக்கு வருடம் 3,300 போகிறது என்று மேலே பார்த்தோமே, அதன் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். அது ஒவ்வொரு வருடமும். இது ஒரு தடவை. நிலைமை பெரிதாக மாறும்போது இன்னொரு தடவை.

யாருக்குத் தேவையில்லை

இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதை வாசிக்கிற பலர் இந்தக் கூட்டத்தில்தான் இருப்பீர்கள். கணவன் மனைவி இருவருக்கும் சம்பள வேலை, சின்னப் பிள்ளைகள் ஒன்றோ இரண்டோ, ஒரு வீடு, அதற்கு மோர்ட்கேஜ், வேறு சொத்து இல்லை, பெற்றோர் தங்கள் பாட்டில் இருக்கிறார்கள். இதுதான் நிலைமை என்றால் மூவாயிரம் கட்டத் தேவையில்லை. இரண்டு சனிக்கிழமை பின்னேரம் போதும்.

வேலையிடத்தில் ஆர்.ஆர்.எஸ்.பி.க்கு நிறுவனமும் பங்கு போடுகிறதென்றால் அதை முழுதாக எடுங்கள். பிள்ளைக்கு ஆர்.ஈ.எஸ்.பி.யில் வருடம் 2,500 டொலர் போட்டால் அரசாங்கம் 500 தரும், ஒரு பிள்ளைக்கு மொத்தம் 7,200 வரை. தவறிய வருடங்களைப் பிறகு ஈடுசெய்யலாம், ஆனால் ஒரு வருடத்தில் 1,000க்கு மேல் மானியம் வராது. ஆகவே பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்வரை விடாதீர்கள். மிச்சம் ரி.எஃப்.எஸ்.ஏ.யில். அங்கெல்லாம் செலவு குறைந்த ஒரு கலப்பு ஈ.ரி.எஃப். வாங்கிவிட்டு அடிக்கடி எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். இருவருக்கும் டேர்ம் காப்புறுதி, இருவருக்கும் உயில், அதில் பிள்ளைகளின் பாதுகாவலர் யார் என்று பெயர். அவ்வளவுதான்.

ஆர்.ஈ.எஸ்.பி. பற்றி இன்னொரு விஷயம். குழு ஆர்.ஈ.எஸ்.பி. என்று பல குடும்பங்கள் சேருகிற திட்டம் ஒன்று எங்கட ஆட்களிடம் நிறைய விற்கப்படுகிறது. ஆரம்பத்தில் போடுகிற காசில் பெரும்பகுதி சேர்வுக் கட்டணத்துக்குப் போய்விடும். கையெழுத்து வைத்து 60 நாளுக்குள் விட்டால் முழுக் காசும் திரும்பக் கிடைக்கும், அதற்குப் பிறகு அந்தக் கட்டணம் போனதுதான். புதுக் குழந்தை உள்ள வீட்டில் 60 நாள் எவ்வளவு கெதியாக ஓடும் என்று உங்களுக்குத் தெரியும்.

எங்கே காசு கட்டலாம்

எங்கட துறையில் இருக்கிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் நாங்களே கட்டிவிடலாம் என்று நினைப்போம். எக்செலில் கணக்குப் போட்டால் ஃபண்டின் செலவைக் கண்டுபிடிக்கலாம், மோர்ட்கேஜை எப்போது முடிக்கலாம் என்று பார்க்கலாம். ஆனால் எக்செலுக்கு அம்மா அப்பாவைப் பற்றிக் கேட்கத் தெரியாது.

எங்கட தலைமுறையின் உண்மையான சிக்கல் பெற்றோரின் கணக்கில்தான் இருக்கிறது. அவர்கள் நாற்பது வயதுக்குக் கிட்ட வந்து, தொழிற்சாலையிலும் உணவகத்திலும் இரண்டு வேலை செய்து, வீட்டை வாங்கி எங்களைப் படிக்க வைத்தார்கள். முதியோர் ஓய்வூதியமான ஓ.ஏ.எஸ். முழுதாகக் கிடைக்க, 18 வயதுக்குப் பிறகு 40 வருடம் கனடாவில் இருந்திருக்க வேண்டும். 45 வயதில் வந்தவருக்கு 65இல் பாதிதான். வருமானம் குறைந்த முதியோருக்கு அதோடு ஜி.ஐ.எஸ். என்ற மேலதிக உதவியும் உண்டு, எங்கட பெற்றோர் பலருக்கு அதுதான் கைகொடுக்கிறது.

இங்கேதான் பழைய "சும்மா கதைப்பம்" கணக்குக்கு வருகிறது. வருமானம் குறைந்த பல பெற்றோருக்கு அந்தக் காலத்தில் ஆர்.ஆர்.எஸ்.பி. விற்றிருக்கிறார்கள். போடும்போது வரியில் 20 வீதமளவு மிச்சம் கிடைத்திருக்கும். 65க்குப் பிறகு அதிலிருந்து 10,000 டொலர் எடுத்தால் அது வருமானமாகக் கணக்காகும். ஜி.ஐ.எஸ். டொலருக்கு ஏறத்தாழ 50 சதம் குறையும். அதாவது பத்தாயிரம் எடுக்க ஐயாயிரமளவு உதவிக்காசு போகும். ரி.எஃப்.எஸ்.ஏ.யிலிருந்து எடுத்தால் ஒன்றும் குறையாது. 71 வயதாகும் வருட முடிவுக்குள் ஆர்.ஆர்.எஸ்.பி.யை மாற்றியே ஆகவேண்டும், அதற்கடுத்த வருடத்திலிருந்து கட்டாயமாக எடுக்கவும் வேண்டும். ஆகவே அப்பாவுக்கு இப்போது 62 என்றால், ஜி.ஐ.எஸ். தொடங்குமுன் அதை எந்த வருடத்தில் எவ்வளவு எடுத்து ரி.எஃப்.எஸ்.ஏ.க்கு மாற்றுவது என்று ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். சரியாகச் செய்தால் பெற்றோர் கையில் வருடா வருடம் ஆயிரக் கணக்கில் நிற்கும். 66இல் யோசிக்கத் தொடங்கினால் பாதி வழி அடைபட்டுவிடும். எங்களுக்கு அந்த 3,390 டொலரில் மிகவும் பெறுமதியாக இருந்த பக்கம் இதுதான். எங்கள் முதலீட்டைப் பற்றிய பக்கம் அரைப் பக்கம்தான் வந்தது.

அடுத்தது வீடு. வங்கி கடன் தராத காலத்தில், வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த மகனையோ மகளையோ உறுதியில் சேர்த்து வீடு வாங்கியவர்கள் ஏராளம். பிறகு அந்தப் பிள்ளை கலியாணம் செய்து தனக்கும் ஒரு வீடு வாங்கியிருக்கும். பெற்றோரின் வீட்டை விற்கும்போது பிள்ளையின் பங்கில் வந்த இலாபத்துக்கு வரி வரக்கூடும், ஏனென்றால் ஒரு வருடத்துக்கு ஒரு வீட்டுக்குத்தான் வரிவிலக்கு. அந்தப் பங்கு உண்மையாகவே பிள்ளையுடையதா, கடனுக்காகப் பெயர் மட்டும் போட்டதா என்பதைப் பொறுத்து விடை மாறும். இன்னொரு பக்கம், பெயரை எடுத்துவிட்டால் பெற்றோருக்குப் பிறகு உயிலை நீதிமன்றத்தில் உறுதிப்படுத்தும் கட்டணம் இருக்கிறது. ஒன்ராறியோவில் 50,000க்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆயிரத்துக்கும் 15 டொலர், 900,000 டொலர் வீட்டுக்கு 12,750. சகோதரங்கள் மூன்று பேர், உறுதியில் ஒருவர் பெயர் மட்டும் என்றால் நான் விளக்கத் தேவையில்லை. பிளானர் சட்டத்தரணி இல்லை. ஆனால் எந்தக் கேள்வியோடு சட்டத்தரணியிடம் போக வேண்டும் என்று எழுதித் தருவார்.

பிறகு ஊர்க் காணி. யாழ்ப்பாணத்தில் தாத்தாவின் காணி அம்மாவுக்கு வந்து, நாளைக்கு எங்களுக்கு வரும். வெளிநாட்டில் இருக்கும் சொத்துகளின் அடக்கவிலை மொத்தம் 100,000 கனடிய டொலரைத் தாண்டினால் ரி1135 என்ற படிவம் கொடுக்க வேண்டும். முதுசமாக வந்த சொத்துக்கு அடக்கவிலை என்பது அது கைக்கு வந்த நாளின் சந்தை விலை. "நாங்கள் காசு கொடுத்து வாங்கவில்லையே" என்று சொல்ல முடியாது. சொந்தப் பாவனைக்கான வீடு இதில் சேராது, வாடகைக்கு விட்டது சேரும். பிந்தினால் தண்டம் நாளுக்கு 25 டொலர், 2,500 வரை. இந்தியாவில் ஃபிளாட் வாங்கி வைத்திருக்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

இவற்றில் இரண்டாவது உங்கள் வீட்டில் இருந்தால் மூவாயிரம் டொலர் வீண் செலவாகாது. சொந்தத் தொழில், நிறுவனப் பங்குகளாக வருகிற சம்பளம், விசேட தேவையுள்ள பிள்ளை, விவாகரத்து, இவற்றில் ஏதாவது ஒன்றே போதும்.

கணவன் மனைவிக்கிடையில் ஒத்துவராத காசு விஷயங்கள் இருந்தாலும் ஒரு மூன்றாம் ஆள் உதவி. ஊருக்கு எவ்வளவு அனுப்புவது, தம்பியின் கலியாணத்துக்கு எவ்வளவு கொடுப்பது, மாமியார் எங்களோடு இருக்க வந்தால் வேலையைக் குறைப்பது யார். பிளானர் முதலில் அனுப்பிய செலவுப் பட்டியலில் செல்லப்பிராணிக்கு ஒரு வரி இருந்தது, பெற்றோருக்குக் கொடுக்கிற காசுக்கு வரியே இல்லை. நாங்கள் சேர்க்கச் சொன்னோம். அவர் தமிழரில்லை, முதலில் விளங்கவுமில்லை. "இது எத்தனை வருடம் தொடரும்?" என்று கேட்டார். நானும் மனைவியும் இரண்டு வேறு விடை சொன்னோம். அன்றிரவு வீட்டில் நடந்த கதை அந்த ஒன்றரை மணித்தியாலக் கூட்டத்தை விட நீளம், ஆனால் அது கதைக்கப்பட வேண்டிய கதை.

அங்கிளுக்கு என்ன சொல்வது

கணக்கு விளங்கினாலும் பலர் நகராமல் இருப்பதற்குக் காரணம் காசில்லை, முகம். அந்த அங்கிள் அப்பாவுக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர், அகதி விண்ணப்பத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர். வங்கியில் போய்க் கதைக்க ஆங்கிலம் காணாத காலத்தில் எங்கட பெற்றோருக்குக் காப்புறுதி என்றால் என்ன, சேமிப்பு என்றால் என்ன என்று தமிழில் விளங்கப்படுத்தியது அவர்தான். சீட்டுப் பிடித்துத்தான் காசு சேர்க்கலாம் என்றிருந்த வீடுகளில் முதல் கணக்கைத் திறந்து வைத்தவரும் அவர்தான். அதை மறக்க முடியாது. கொமிஷனில் வாழ்கிறார் என்பதற்காக ஒருவர் கள்ளனாகிவிடமாட்டார்.

டேர்ம் காப்புறுதியைப் பெரும்பாலும் ஒரு முகவரிடம்தான் வாங்குகிறோம், ஆகவே அவரிடமே வாங்கலாம். அது உங்களுக்கும் நல்லது, அவருக்கும் ஒரு மரியாதை. வாழ்நாள் முழுதும் கட்டுகிற, "காப்புறுதியும் சேமிப்பும் ஒன்றாக" என்று சொல்லப்படுகிற வகைகளில்தான் கவனம் வேண்டும். அவற்றில் முதல் வருடப் பிரீமியத்தின் பெரும்பகுதி, சிலவேளை அதற்கும் மேல், விற்கிற பக்கத்துக்குக் கொமிஷனாகப் போகும். சில குடும்பங்களுக்கு அது பொருந்தும்தான். முப்பத்தைந்து வயதில் மோர்ட்கேஜும் டேகேர் கட்டணமும் உள்ள குடும்பத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது என்பது என் கருத்து.

காசு கட்டி ஒரு பிளானரை வைத்திருப்பதில் நாங்கள் எதிர்பார்க்காத ஒரு வசதியும் கிடைத்தது. "அங்கிள், எங்களுக்கு ஒரு பிளானர் இருக்கிறா. அவ பாத்த பிறகுதான் எதிலயும் கையெழுத்து வைக்கிறது எண்டு முடிவு செய்திருக்கிறம்" என்று சொல்லலாம். அங்கிளும் கோபிக்கவில்லை. "அப்ப அவவுக்கு எவ்வளவு குடுக்கிறியள்?" என்று மட்டும் கேட்டார். சொன்னோம். தலையில் கையை வைத்துக்கொண்டார்.

தேட நினைப்பவர்கள் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை விட்டுவிட்டுத் தேடுங்கள், அது ஆர்.ஆர்.எஸ்.பி.யும் வரியும் நடக்கிற காலம், ஒருவருக்கும் நேரமில்லை. முதல் அரை மணித்தியாலம் பெரும்பாலானோர் காசு வாங்காமல் கதைப்பார்கள். அதற்கு முன் மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வியை அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள்: நாங்கள் உங்களுக்குத் தரும் கட்டணத்தைத் தவிர, எங்கள் குடும்பத்தின் மூலம் வேறு யாரிடமிருந்தாவது உங்களுக்குக் காசு வருமா? நாங்கள் அனுப்பிய ஐந்து பேரில் மூவர் "இல்லை" என்று ஒரு வரியில் எழுதினார்கள். மற்ற இருவரின் பதில் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வந்தது. மிச்சத்தை அந்த மூன்று பேரோடு மட்டும் கதைத்தோம்.